மஃரிப் காத்திருக்காது

சனிக்கிழமை மாலை கேமரன் மலைக்குப் போனவர்களுக்குப் பிரிஞ்சாங் சாலை நெரிசலைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கோலாலம்பூரிலிருந்து கம்போங் ராஜாவிலுள்ள மாமா வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தேன். மஃரிப் பாங்கு கேட்டது. "மாமா வீட்டில் தொழுதுகொள்ளலாம்" என்றேன். வழியில் பிள்ளைகள் கேட்டார்களே என்று ஸ்ட்ராபெர்ரி வாங்க இறங்கினோம். அப்படியே சூடாக ஒரு தேநீர். மாமா வீட்டு வாசலை மிதித்தபோது இஷா பாங்கு ஒலித்தது.

"மஃரிப் எங்கே தொழுதீங்க?" இதுதான் மாமாவின் முதல் கேள்வி.

"பயணம்தானே மாமா, இஷாவோடு சேர்த்துத் தொழலாமே" என்று சமாளித்தேன்.

"அப்படிச் சேர்த்துத் தொழுறதா மஃரிப் நேரத்திலேயே நிய்யத் வச்சியா?"

வைக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு அந்தச் சலுகை உண்டு; ஆனால் அதற்கு அந்த நிய்யத் வேண்டும். ஹனஃபி மத்ஹபில், ஹஜ்ஜின்போது தவிர, அப்படிச் சேர்க்கவே முடியாது. நான் சலுகையைப் பயன்படுத்தவில்லை, தொழுகையை மறந்தும் போகவில்லை. அலட்சியமாக விட்டிருந்தேன்.

மாமா திட்டவில்லை. "ஏன் மருமகனே, ரேடியோவில ஏழு மணிச் செய்தியை எட்டரைக்கு வாசிப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒலிபரப்பில் அரை நிமிடம் தாமதித்தாலே எனக்கு வியர்த்துவிடும். மேலதிகாரிக்குக் கொடுக்கும் மரியாதையைப் படைத்தவனுக்குக் கொடுக்கவில்லையே என்பது அப்போதுதான் சுட்டது.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்கிறது குர்ஆனின் நான்காம் அத்தியாயம். 107ஆம் அத்தியாயமான 'அல்மாஊன்' கண்டிப்பதோ தொழாதவர்களை அல்ல. தொழுதுகொண்டே அதில் அலட்சியமாக இருப்பவர்களை. நேரம் தவறவிடுவதும் அந்த அலட்சியத்தில் சேரும் என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். மறுமையில் அடியானிடம் முதலில் விசாரிக்கப்படுவது தொழுகையே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

தொழுகை கடமையே இல்லை என்று மறுப்பவர் இஸ்லாத்தை விட்டு வெளியேறுகிறார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சோம்பலால் விடுபவர் பெரும்பாவி, ஆனால் முஸ்லிம்தான் என்பது பெரும்பாலோரின் முடிவு. இமாம் அஹ்மதின் பிரபலமான கருத்து அதைவிடக் கடுமையானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம்; அதுவும் முடியாவிட்டால் படுத்துக்கொண்டு தொழலாம். தண்ணீர் கெடுதல் செய்யுமென்றால் தயம்மும் உண்டு. பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். தூங்கிவிட்டவரும் மறந்துவிட்டவரும் நினைவு வந்ததும் தொழ வேண்டும். போர்க்களத்தில்கூட அணி பிரிந்து தொழும் முறையைக் குர்ஆன் சொல்லித் தருகிறது. எப்படித் தொழுவது என்பதில் இத்தனை தளர்வு. சுயநினைவோடு இருப்பவர் வேலை மும்முரத்தில் தொழாமலே விட்டுவிடலாம் என்பதற்கு மட்டும் சலுகை இல்லை. தொழுகையை விடுவது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

விட்டவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. மனம் வருந்தி தவ்பா செய்ய வேண்டும், விட்டதைக் களாவாகத் தொழ வேண்டும் என்பதே நான்கு மத்ஹபுகளின் வழி. பல வருடத் தொழுகை விடுபட்டிருந்தால், ஒவ்வொரு வக்தோடும் ஒரு களா என்று இன்றே தொடங்கலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜாக்கிமின் நேர அட்டவணையில் கேமரன் மலை, கெந்திங், ஃபிரேசர் மலையோடு சேர்ந்து தனி மண்டலமாக இருக்கிறது. உயரத்தில் சூரியன் சற்று முன்பே தெரியும், சற்றுத் தாமதித்தே மறையும். கைப்பேசியில் மண்டலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்றிரவு மஃரிபைக் களாவாகத் தொழுதுவிட்டு, பிறகு இஷா தொழுதேன். மறுநாள் சுபுஹுக்கு மாமாதான் எழுப்பினார். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டியாய்க் குத்தியது. சிரமமான நேரத்திலும் ஒளுவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்ற நபிமொழியைச் சொல்லியபடியே, எனக்கு முன்னால் கையை நீட்டினார் எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர். அன்றைய மஃரிப் பாங்கு கேட்டபோதும் நாங்கள் நெரிசலில்தான் இருந்தோம். வழியில் கண்ட முதல் சூராவில் காரை நிறுத்தினேன்.