யூரியா மூட்டையும் ஹோர்முஸ் கடலும்

சம்பா நட்டு இருபது நாள் ஆச்சுன்னா சொசைட்டி வாசலில் ஒரே கேள்விதான்: “யூரியா எப்ப வரும்?” உள்ளே இருப்பவர் சொல்லும் பதிலும் பல வருஷமா ஒன்றுதான்: “லோடு வரணுங்க.”

அந்த லோடு எங்கிருந்து வருது? லாரிக்குப் பின்னால் ரயில், ரயிலுக்குப் பின்னால் உர ஆலை அல்லது துறைமுகம், அதற்கும் பின்னால் ஒரு கப்பல். இப்படியே தேடிக்கொண்டு போனால், ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவே இருக்கும் ஒரு குறுகலான கடல்வழியில் போய் நிற்போம். ஹோர்முஸ் நீரிணை என்று அதற்குப் பெயர். அங்கே சண்டை என்றால் பெட்ரோல் விலை பற்றித்தான் டி.வி.யில் பேசுவாங்க. உழவர்கள் நாம் பேச வேண்டியது உர மூட்டையைப் பற்றியும்தான்.

குறுகலான வாசல்

ஹோர்முஸின் மிகக் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். அதிலும் பெரிய கப்பல்கள் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோமீட்டர் அகலம்தான். 2024-ல் இந்த வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் முழுவதும் செலவழிக்கும் எண்ணெயில் இது ஐந்தில் ஒரு பங்கு. உலகச் சந்தைக்கு வரும் திரவ இயற்கை எரிவாயுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதே வழியில்தான் வருது. அதில் பெரும்பகுதி கத்தார் நாட்டு எரிவாயு. கத்தாருக்கு வேறு கடல்வழி கிடையாது.

சரி, எரிவாயுவுக்கும் யூரியாவுக்கும் என்ன சம்பந்தம்? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதைப் பயிர் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆலையில் அதை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியா செய்றாங்க. அந்த ஹைட்ரஜனைக் கொடுப்பது இயற்கை எரிவாயு. அதற்கு வேண்டிய கடும் சூட்டையும் அழுத்தத்தையும் கொடுப்பதும் பெரும்பாலும் அதே எரிவாயுதான். ஹேபர், போஷ் என்ற இரண்டு பேர் உருவாக்கிய இந்த முறையில் முதல் பெரிய ஆலை 1913-ல் ஜெர்மனியில் ஓடத் தொடங்கியது. யூரியா மூட்டை என்பது எரிவாயுவைக் குருணையாக்கிக் கட்டியதுதான்.

நம்ம நாட்டு யூரியா ஆலைகள் பயன்படுத்தும் எரிவாயுவில் பெரும்பங்கு இறக்குமதி. சென்னை மணலி உர ஆலை 2019-ல் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. அந்த எரிவாயு கப்பலில் வந்து எண்ணூரில் இறங்குவது. டிஏபியை எடுத்துக்கொண்டால், சவுதி அரேபியாவின் பாஸ்பேட் உரம் ராஸ் அல் கைர் துறைமுகத்தில் கப்பல் ஏறுது. அந்தத் துறைமுகமும் ஹோர்முஸ் வாசலுக்கு உள்ளேதான் இருக்கு. பொட்டாஷோ ஏறக்குறைய முழுக்க வெளிநாட்டுச் சரக்கு.

சண்டை ஓர் இடம், அடி வேறு இடம்

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டன. 3 டாலர் அளவில் இருந்த பீப்பாய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. உர விலையும் கூடவே பாய்ந்தது. ரசாயன உரத்துக்கு அப்போதுதான் பழகியிருந்த நம்ம வயல்கள் 1974-ல் தட்டுப்பாட்டில் தவித்தன.

2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியதால் பல அமோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில மூடப்பட்டன. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹௌதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பல்களுக்குப் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. வாடகையும் காப்பீடும் ஏறின. 2025 ஜூனில் இஸ்ரேல் – ஈரான் சண்டை தொடங்கியதும் இஸ்ரேல் தன் எரிவாயு வயல்களில் சிலவற்றை மூடியது. அந்த எரிவாயுவை நம்பியிருந்த எகிப்தில் யூரியா ஆலைகள் நின்றுபோயின. எகிப்து அந்தச் சண்டையில் இல்லவே இல்லை.

விலை ஏறலையே?

“யூரியா விலை ஏறலையே” என்று கேட்கலாம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். உலகச் சந்தையில் எவ்வளவு ஏறினாலும் நமக்கு அதே விலை. மிச்சத்தை அரசு கட்டுது. 2022-23-ல் உர மானியம் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி ரூபாய். அதுவும் நம்ம வரிப்பணம்தான். விலை கண்ணுக்குத் தெரியாததால் ஆபத்தும் தெரியலை. கப்பல் தாமதமானால் நமக்கு அது விலையாக வராது, “லோடு வரணுங்க” என்ற பதிலாகத்தான் வரும்.

இலங்கையையும் பேசுவோம்

இதைக் காட்டி, “அப்போ நாளைக்கே எல்லா உரத்தையும் நிறுத்திடுவோம்” என்று சொல்ல வரலை. இயற்கை வேளாண்மை பேசும் நாம் இலங்கையை மறைத்துப் பேசக் கூடாது. 2021-ல் அந்நாட்டு அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. மண் தயாராக இல்லை, மாற்று உரம் கைவசம் இல்லை, உழவருக்குப் பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றார்கள்.

உரம் அரசாணையால் நின்றாலும் போரால் நின்றாலும் பயிருக்கு ஒன்றுதான். சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தபோது கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது குறைந்தது. அவர்கள் உழவு மாட்டுக்கும் மண்புழு உரத்துக்கும் திரும்பியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு முன்னால் அந்த மக்கள் பட்ட பசியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெருக்கடி வந்த பிறகு மாறினால் அந்த விலை கொடுக்கணும். வரும் முன்னே மாறினால் படிப்படியாக மாறலாம்.

இந்தப் பருவத்தில் என்ன செய்யலாம்?

ஒரு ஏக்கரில் தொடங்குங்க. நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்க. நன்றாக வளர்ந்தால் ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்து அந்த மண்ணிலேயே சேரும். காற்றிலிருக்கும் அதே நைட்ரஜனை வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் எரிவாயு இல்லாமலேயே பிடித்துத் தருது. நெல்லுக்குப் பிறகு உளுந்து, பயறு. வயலில் தண்ணீர் நிற்கும்போது அசோலா. முதல் வருஷம் யூரியாவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்க. மண் ஒத்துழைப்பதைப் பார்த்து மேலும் குறைக்கலாம்.

ஏற்கெனவே இயற்கை வழியில் இருப்பவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும். டிராக்டருக்கு டீசல், தூரத்து ஊரிலிருந்து லாரியில் வரும் புண்ணாக்கு, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டி: இதிலெல்லாம் அதே ஹோர்முஸ் இருக்கு. உள்ளூர் இடுபொருளும் பக்கத்து ஊர்ச் சந்தையும் அதைக் குறைக்கும் வழிகள்.

தக்கைப்பூண்டு விதைக்கும் உழவு நேரத்தில் தட்டுப்பாடு வரும். இப்பவே சொல்லி வையுங்க. அடுத்த வருஷத்துக்கு வரப்போரமா கொஞ்சம் விட்டு நீங்களே விதை எடுத்துக்குங்க.