கடல் காற்று - 9: முப்பத்தைந்தாம் தெரு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரத்தில் ஓஷன் சிட்டி என்று ஒரு சிறிய ஊர். 1879ல் மெதடிஸ்ட் போதகர்கள் உருவாக்கிய ஊர் அது. இன்றைக்கும் அங்கே மதுக்கடை கிடையாது. கோடை வந்தால் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்து குவிவார்கள். அந்த ஊரின் 35ஆம் தெரு கடலைத் தொடும் இடத்தில்தான் இந்த வாரத்துக் கதை நடக்கிறது.

கரையிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி, டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம் 1,100 மெகாவாட்டுக்குக் காற்றாலைகள் நிறுவ இருந்தது. ‘ஓஷன் விண்ட் 1’ என்று பெயர். கேபிள்களில் ஒரு பகுதி 35ஆம் தெரு மணலுக்கு அடியில் நுழைந்து, ஊரைக் கடந்து, 2019ல் மூடப்பட்ட பி.எல். இங்கிலாண்ட் அனல்மின் நிலையத்தில் போய்ச் சேர வேண்டும். நிலக்கரி எரிந்த இடத்துக்குக் காற்றின் மின்சாரம். படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

ஆனால் வழியில் இருந்தது பாதுகாக்கப்பட்ட பொதுநிலம். உள்ளூர் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். 2021 ஜூலையில் ஆளுநர் பில் மர்ஃபி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் முதல்வரின் இடம்.) ஊர் மறுத்தாலும் மாநில மின்வாரியமே நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்துவிடலாம் என்றது அந்தச் சட்டம். 2022 செப்டம்பரில் வாரியம் அதைத்தான் செய்தது.

மறுத்த இந்தக் கரையோர மக்கள் காற்றாலையையே வெறுப்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து அட்லாண்டிக் சிட்டியில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வளாகத்திலேயே 5 காற்றாலைகள் 2005லிருந்து சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஊருக்குள் நுழைகிறவர்கள் பார்க்காமல் போக முடியாது.

அதைவிட முக்கியமான கதை ஒன்று உண்டு. அந்தக் கரையின் மீன்பிடித் தொழில்காரர்கள் சிலர் சேர்ந்து ‘ஃபிஷர்மென்ஸ் எனர்ஜி’ என்று ஒரு நிறுவனமே தொடங்கினார்கள். காற்றாலை எப்படியும் கடலுக்கு வரத்தான் போகிறது, அதை நாமே கட்டினால் மீன் எங்கே வாழ்கிறது, படகு எங்கே போகிறது என்று பார்த்துக் கட்டலாமே என்பது அவர்கள் கணக்கு. அட்லாண்டிக் சிட்டிக்கு எதிரே, கரையிலிருந்து நாலரை கிலோமீட்டரில், வெறும் 24 மெகாவாட். 2014ல் மாநில மின்வாரியம் அதை நிராகரித்தது. 2018 டிசம்பரில், மர்ஃபியின் ஆட்சியிலும் மறுபடி நிராகரித்தது. விலை அதிகம் என்பது காரணம். சின்னத் திட்டத்தில் யூனிட் விலை கூடத்தான் செய்யும். அது பொய்யான காரணமும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து, 2019 ஜூனில், அதே வாரியம் ஓர்ஸ்டெட்டின் 1,100 மெகாவாட்டுக்குச் சம்மதம் கொடுத்தது. கடலை அறிந்தவர்கள் கேட்ட சிறியது கிடைக்கவில்லை. அவர்கள் கேட்காத பெரியது வந்தது. இந்த வடுவிலிருந்துதான் நான் பின்னால் நடந்ததையெல்லாம் படிக்கிறேன்.

அவசரத்துக்கு நியாயம் இருந்தது. புவி சூடேறுவது யாருக்காகவும் காத்திருக்காது. மர்ஃபி 2030க்குள் 3,500 மெகாவாட் என்று தொடங்கி, 2035க்குள் 7,500 என்றாக்கி, பிறகு 2040க்குள் 11,000 என்று இலக்கை உயர்த்திக்கொண்டே போனார். கடல் காற்றாலைகளுக்கு வழிவிட்ட முதல் சட்டத்தில் 2010ல் கையெழுத்திட்டவர் மர்ஃபிக்கு எதிரணியான குடியரசுக் கட்சியின் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி. அதாவது, தொடக்கத்தில் இது கட்சிச் சண்டையே அல்ல.

கட்சிச் சண்டையாக ஆனது 2021க்குப் பிறகு. ஓஷன் சிட்டி அடங்கிய கேப் மே மாவட்ட நிர்வாகம் வழக்குக்குப் போனது. கடல் தரையை வாரி மட்டி எடுக்கும் படகுக்காரர்கள், கோபுரங்களுக்கும் கேபிள்களுக்கும் நடுவே இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு எப்படித் தொழில் செய்வது என்று கேட்டார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி அது.

பிறகு திமிங்கலங்கள் வந்தன. 2022 டிசம்பரிலிருந்து கூன்முதுகுத் திமிங்கலங்கள் அடுத்தடுத்துக் கரையில் செத்து ஒதுங்கின. காற்றாலைகளுக்காகக் கடலை ஆய்வு செய்த கப்பல்களின் ஒலிதான் காரணம் என்று பேச்சு பரவியது. ஜெஃப் வான் ட்ரூ என்ற அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் 2023 மார்ச்சில் வைல்ட்வுட் கடற்கரை ஊரில் ஒரு விசாரணைக் கூட்டமே நடத்தினார். உண்மை வேறு. இந்தத் திமிங்கலங்கள் வழக்கத்துக்கு மீறிச் சாவது 2016லேயே தொடங்கிவிட்டது. பரிசோதிக்கப்பட்ட உடல்களில் சுமார் 40 சதவீதத்தில் கப்பல் மோதியதற்கோ வலைக் கயிற்றில் சிக்கியதற்கோ தடயம் இருந்தது. காற்றாலை ஆய்வுகளோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை என்று கூட்டரசின் கடல்வள அமைப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. யாரும் நம்பவில்லை. ஊரைக் கேட்காமல் தெருவை எடுத்துக்கொண்ட அரசு சொல்வதை ஊர் எப்படி நம்பும்? பொய் வேரூன்ற மண்ணைப் பண்படுத்திக் கொடுத்தது அந்த 2021 சட்டம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

2023 ஜூலையில் இன்னொரு சட்டம். மின்நுகர்வோருக்குச் சேர வேண்டிய கூட்டரசு வரிச்சலுகையை ஓர்ஸ்டெட்டே வைத்துக்கொள்ளலாம் என்றது. சம்மதத்தை எடுத்தார்கள், இப்போது காசையும் எடுக்கிறார்கள் என்ற கோபம் மாநிலம் முழுக்கப் பரவியது. செப்டம்பரில் 35ஆம் தெருப் பகுதியில் ஆய்வுப் பணியைத் தடுக்க வந்தவர்களில் சிலரைப் போலீஸ் கைது செய்தது.

2023 அக்டோபர் 31 அன்று ஓர்ஸ்டெட் திட்டத்தையே கைவிட்டது. வட்டி ஏறிவிட்டது, உதிரிபாகங்களும் கப்பல்களும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்றது. எதிர்ப்பாளர்கள் தங்கள் வெற்றி என்று கொண்டாடினார்கள். கணக்கைப் பார்த்தால் திட்டத்தை வீழ்த்தியது வட்டிதான். ஆனால் கரையில் அதற்காக வருத்தப்பட ஆள் இல்லாமல் போனதே, அதற்கு வட்டி காரணமில்லை. 2024ல் மாநிலத்துக்கு 12.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டது.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளிலேயே, கடல் காற்றாலைகளுக்குப் புதிய குத்தகை கூடாது என்று டிரம்ப் உத்தரவிட்டார். நியூ ஜெர்சிக் கடலில் அன்றைக்கு ஒரு காற்றாலைகூட இல்லை. மீனவர்கள் கேட்ட அந்த 24 மெகாவாட்டும் இல்லை.

(தொடரும்)