மிதித்தால் ஓடும் கணினி

மின்தடை வந்தால் சைக்கிள் மிதித்து மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்ற முடியுமா என்று பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். முடியும். கால் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கணக்கு.

தோட்டத்தில் அப்பாவின் சைக்கிளை ஓட்டிப் பழகியவன் நான். டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்ததுமே மிதி கனத்துவிடும். அந்த டைனமோ எரிக்கும் விளக்குக்குத் தேவை வெறும் 3 வாட். பழகிய ஆள் ஒரே சீராக மிதித்தால் 75 வாட் அளவுக்குத் தரலாம். இன்றைய மடிக்கணினிகளின் சார்ஜர்கள் பெரும்பாலும் 45 முதல் 65 வாட் வரை. வழியில் வீணாவதையும் சேர்த்தால், ஒருவர் வேலை பார்க்க இன்னொருவர் விடாமல் மிதிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர் லீ ஃபெல்சன்ஸ்டீன். தூக்கிச் செல்லும் கணினிகளில் முதன்முதலாக நன்கு விற்ற ஆஸ்போர்ன் 1, 1981இல் அவர் வடிவமைத்தது. எடை ஏறக்குறைய 11 கிலோ. சுவரில் செருகினால்தான் ஓடும். அதே மனிதர் இருபது ஆண்டுகள் கழித்து, மின்சாரமும் தொலைபேசியும் எட்டாத லாவோஸ் கிராமமான போன் காமுக்காக ஒரு கணினியை உருவாக்கினார். ஊரார் சைக்கிள் மிதிக்க, கார் பேட்டரி நிரம்பும். கணினி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சைக்கிள் எளிய பகுதி. சுழலும் வட்டு இல்லாமல், பழைய 486 வகைச் சில்லை வைத்து, கணினியின் தேவையை 20 வாட்டுக்குள் அடக்கினாரே, அதுதான் அவருடைய கைவண்ணம். இந்தக் கிராமத் திட்டத்தைத் தொடங்கிய லீ தோர்ன், வியட்நாம் போர்க்காலத்தில் லாவோஸ் மீது வீசப்பட்ட குண்டுகளை விமானங்களில் ஏற்றிய அமெரிக்கக் கடற்படை வீரர்.

நம் நாட்டில் சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியிலும் 1990களின் இறுதியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழகம் கணினிகளைக் கொண்டுபோனது. அங்கே கணினிகளை ஓட்டியவை டீசல் ஜெனரேட்டரும் பிறகு சூரியத் தகடுகளும். அன்று சாலை இல்லாததால் டீசலும் விமானத்தில்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு வாட்டுக்கும் மதிப்பு உண்டு.

பினாங்கில் அந்த மதிப்பு நமக்கு மறந்துவிட்டது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் திறந்தது இங்கேதான். நம் பிள்ளைகள் சில்லுகளைச் சோதித்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். நாமோ பேட்டரி தளர்ந்த ஒரே காரணத்துக்காக நல்ல மடிக்கணினியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குகிறோம். இது சரியில்லை.

சார்ஜ் நிற்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.