நெஞ்சு கரிக்கிறதா, அடைக்கிறதா?

மும்பை கிங்ஸ் சர்க்கிளுக்கு மகேஷ்வரி உத்யான் என்பதே அரசு ஏற்ற பெயர் என்றாலும், அதைச் சுற்றி வாழும் தமிழர் நாவில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. ஒருபுறம் மாட்டுங்கா, மறுபுறம் தாராவி, சற்று வடக்கே சயான் மருத்துவமனை என்று எல்லோரும் அழைக்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என அமைந்த இவ்வட்டாரத்தில், தமிழும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் நாள்தோறும் எதிரெதிரே நின்று பேசியாக வேண்டியிருக்கிறது. ஒருவர் பேச்சை அவர் பேசிய உடனேயே மற்றவர் மொழியில் எடுத்துரைக்கும் பணி வாய்மொழிபெயர்ப்பு எனப்படுகிறது. அதைச் செய்பவரைத் தமிழ் துபாசி என்றது. மராத்தியிலும் துபாஷி என்ற சொல் வழங்குகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) செல்வமும் செல்வாக்கும் மிக்கவராகத் திகழ்ந்தார். இன்று மருத்துவர் அறையில் அதே வேலையைப் பெரும்பாலும் நோயாளியின் பேரனோ பேத்தியோ, பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஊதியமும் பயிற்சியும் இன்றிச் செய்கிறார்கள்.

துபாசி எதையும் மாற்றாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள்; அது நடக்கக்கூடிய காரியமன்று. விவிலிய மொழிபெயர்ப்புத் துறையில் உழைத்த அமெரிக்க அறிஞர் யூஜின் நைடா, 1964இல் வெளிவந்த தம் நூலில், ஒரு மொழியில் சொன்னது மற்றொரு மொழியில் பொருந்தி நிற்பதற்காகச் செய்யப்படும் மாறுதல்களைச் சேர்த்தல், நீக்குதல், மாற்றுதல் என்று வகைப்படுத்தினார். இவற்றை இசைவாக்க உத்திகள் எனலாம். எழுத்து மொழிபெயர்ப்பை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை எனினும், திருத்தி எழுத நேரமில்லாத வாய்மொழிபெயர்ப்பில்தான் இவற்றின் நன்மையும் தீமையும் கண்முன்னே தெரிகின்றன.

தாராவித் தமிழர்களில் பலருடைய வேர் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஒரு மூதாட்டி தம் உடல்நோவைச் சொல்லும்போது வலி என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவதில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என்று ஒவ்வொரு நோவுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார். அச்சொல்லே நோவின் இடத்தையும் தன்மையையும் பாதி சொல்லிவிடுகிறது. அவசரத்தில் பெயர்க்கும் பேத்தியோ இவை அத்தனையையும் ‘தர்த்’ என்ற ஒரே இந்திச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறாள். ‘நெஞ்சு கரிக்குது’ என்றால் இரைப்பையிலிருந்து புளிப்பு மேலேறி எரிகிறது என்று பொருள். இந்தியில் ‘ஜலன்’ என்றால் ஏறத்தாழப் பொருந்தும். ‘நெஞ்சை அடைக்குது’ என்பதோ மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கக்கூடிய பேச்சு. இரண்டும் ‘நெஞ்சில் தர்த்’ என்றாகும்போது மருத்துவர் தேவையற்ற பரிசோதனைக்கு அனுப்பினால் இழப்பு சிறிது; இரண்டாவதை வீட்டார் தாமாகவே ‘வாயுதான்’ என்று மாற்றிச் சொன்னால் இழப்பு உயிராகவும் இருக்கலாம்.

மருத்துவர் சொல்லும் மறுமொழியிலும் இதே சிக்கல் உண்டு. இந்தியில் ‘கல்’ என்பது நேற்றையும் நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கேட்ட பிறகே எது என்று தெரியும் என்பதால், தமிழில் சொல்பவர் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இந்த மாற்றம் விருப்பத்தால் வருவதன்று, இலக்கணம் விதிப்பது.

நீதிமன்றத்தில் இன்னும் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. ‘நாம போவோம்னு அவன் சொன்னான்’ என்று ஒரு சாட்சி கூறினால், கேட்டுக்கொண்டிருந்த அவரும் அந்தப் போக்கில் சேர்க்கப்பட்டிருந்தார் என்று பொருள். ‘நாங்க போவோம்னு சொன்னான்’ என்றால் அவர் அதில் இல்லை. கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்ற இந்த வேறுபாடு மராத்தியிலும் ‘ஆபண்’, ‘ஆம்ஹி’ என்று வாழ்கிறது. ஆகவே தமிழிலிருந்து மராத்திக்குப் போகும்போது எதுவும் சிந்துவதில்லை. இந்தியின் ‘ஹம்’ என்ற சொல்லிலோ, ஆங்கிலத்தின் ‘வீ’ என்ற சொல்லிலோ அது கரைந்துபோகிறது. அங்கே துபாசி ‘நீயும் நானும்’ என்றோ, ‘உன்னை விட்டு நாங்கள்’ என்றோ சேர்த்துச் சொன்னால்தான் பெயர்ப்பு உண்மையாகும். சேர்க்காமல் விட்டால் சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பொருள் பொய்யாகும். ‘மச்சான்’ என்ற சொல்லும் அப்படியே: மனைவியின் உடன்பிறந்தவரா, அக்காளின் கணவரா, மாமன் மகனா என்பதைச் சாட்சியிடமே கேட்டறியாமல் இந்தி உறவுச்சொல் ஒன்றைத் துபாசி தேர்ந்தெடுப்பது ஊகமேயன்றிப் பெயர்ப்பாகாது.

சட்டம் இதை மிகச் சுருக்கமாகவே சொல்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 282ஆம் பிரிவு, உண்மையான பெயர்ப்பையே சொல்லத் துபாசி கடமைப்பட்டவர் என்றது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் அக்கடமை தொடர்கிறது. உண்மையான பெயர்ப்பு எது என்பதை ஒரு வரியில் வரையறுக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது என்பதால்தான், அந்தச் சுமை முழுவதும் துபாசியின் பயிற்சியின் மீதும் நேர்மையின் மீதும் இறங்குகிறது.

மூன்று உத்திகளுள் மிகுதியாகத் தீங்கு செய்வது நீக்குதலே. 2003இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தைகளுடன் மருத்துவரைச் சந்தித்த 13 உரையாடல்களைப் பதிவு செய்து, 396 பெயர்ப்புப் பிழைகளைக் கண்டது. அவற்றுள் 52 விழுக்காடு விடுபடல்கள். மொத்தப் பிழைகளில் 63 விழுக்காடு நோயாளியின் நலனைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சியில்லாதவர்கள் பெயர்த்தபோது அப்படிப்பட்ட பிழைகளின் பங்கு மேலும் கூடியிருந்தது.

விடுபடல் என்றால் கவனக்குறைவு என்று மட்டும் எண்ணலாகாது. வெள்ளைப்படுதலைப் பற்றியோ மாதவிலக்கு நின்ற பின் வரும் உதிரப்போக்கைப் பற்றியோ ஒரு தாய் தன் மகனை வைத்துக்கொண்டு வாய் திறப்பதே அரிது. திறந்தாலும் பன்னிரண்டு வயதுப் பையனிடம் அதற்குத் தமிழ்ச் சொல்லும் இல்லை, இந்திச் சொல்லும் இல்லை. அவன் ‘வயிற்று வலி’ என்கிறான். மருத்துவர் ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்றதைப் பாட்டியிடம் ‘சின்னக் கட்டி’ என்று குறைப்பவனும் அவனே. அன்பாலும் கூச்சத்தாலும் நிகழும் இந்த நீக்கத்துக்காகக் குழந்தையைக் குறைகூற முடியாது; அந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்த ஏற்பாடுதான் தவறானது. பன்மொழி மக்கள் வந்து குவியும் பொது மருத்துவமனைகளில் ஊதியம் பெறும் துபாசிகள் இருப்பது செவிலியர் இருப்பதைப் போன்றே அடிப்படைத் தேவையாகும்.

தேர்ந்த துபாசியிடம் இம்மூன்று உத்திகளோடு நான்காவதாக ஒன்றும் இருக்கும்: பெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்பது. தான் எதைக் கேட்கிறார் என்பதை மருத்துவருக்கும் அறிவித்துவிட்டு, “ஆச்சி, கரிக்குதுன்னு சொல்றீங்களா, அடைக்குதுன்னு சொல்றீங்களா?” என்று அவர் கேட்பதற்கு அரை நிமிடமும் ஆகாது. வெளியே நீளும் வரிசையைப் பார்த்து அந்த அரை நிமிடத்தை மறுக்கும் அறையில், எவ்வளவு மொழி தெரிந்த துபாசியும் பாதிப் பேச்சைத்தான் கொண்டுசேர்க்க முடியும்.