கடலை மூடினால் மீன் பெருகுமா?

கிள்ளான் பாசாரில் கெராப்பு மீனின் விலையைக் கேட்டுவிட்டு, பேசாமல் கெம்போங் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் உண்டல்லவா? நம் பெரியவர்கள் கலவா என்று சொல்லும் இந்தக் கெராப்பில் பல வகைகள் பவளப்பாறை இடுக்குகளில் வாழ்பவை. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். கிள்ளானுக்கு எதிரே கெத்தாம் தீவைச் சுற்றிச் சேறும் அலையாத்தி மரங்களும்தான். மேற்குக் கரையில் பவளத்துக்குப் பெயர்பெற்றது, லங்காவிக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள பாயார் தீவு.

அந்தத் தீவைச் சுற்றி 2 கடல்மைல் வரை மீன் பிடிக்கக் கூடாது. பவளமும் சிப்பியும் எடுக்கக் கூடாது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி காக்கப்படும் கடல் பூங்கா அது. ரெடாங், தியோமான் தீவுகளுக்கும் இதே காவல்தான்.

"கடலை அடைத்துவிட்டால் மீனவன் எங்கே போவான்?" என்று கேட்பீர்கள். வலையை நம்பி உலை வைக்கிறவனுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. பிலிப்பைன்ஸ் நாட்டின் சுமிலோன் தீவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 1974-இல் சிலிமான் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் பாறையின் ஒரு பகுதியில் மட்டும் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. 1984-இல் காவல் முறிந்து, அங்கும் வலை விழுந்தது. இனி அள்ளலாம் என்று எண்ணியிருப்பார்கள். தீவு முழுவதிலும் கிடைத்த மீனோ பாதிக்கும் கீழே போய்விட்டது! மூடிக் கிடந்த இடத்திலிருந்துதான் இத்தனை நாளும் மீன் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது.

காரணம், மூத்த மீன்கள். மெக்சிகோ வளைகுடாவில் வாழும் சிவப்பு மீன் ஒன்றைப் பற்றி ஒரு கணக்குச் சொல்வார்கள்: 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தாய்மீன், 42 சென்டிமீட்டர் மீன்கள் 212 சேர்ந்து இடும் முட்டைகளைத் தனியே இட்டுவிடுமாம். கெராப்பின் கதை இன்னும் வேடிக்கை. அவற்றில் பல வகைகள் முதலில் பெண்ணாக இருந்து, பெரிதான பிறகே ஆணாகின்றன. பெரியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் துணைக்கு ஆண் ஏது?

ஆனால் கடல் சூடேறுவதை எந்தச் சட்டமும் தடுக்காது. 2010-இல் வெப்பத்தால் பவளம் வெளுத்தபோது, பாயார், ரெடாங், தியோமான் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அக்டோபர் வரை மூடி வைத்தார்கள்.

பள்ளி விடுமுறையில் பாயாருக்குப் போனால், பிள்ளைகளைப் பவளத்தின்மேல் கால் ஊன்ற விடாதீர்கள். ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர்கூட வளராத வகைகளும் அதில் உண்டு.