பகடை உருட்டினால் வாட்டர்லூ

வாட்டர்லூ போரின் பிற்பகலில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே, ஆயிரக்கணக்கான குதிரை வீரர்களை பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை நின்ற மேட்டை நோக்கி ஏவினார். துணைக்குக் காலாட்படை இல்லை. எதிரில் இருந்தவர்கள் நாலு பக்கமும் துப்பாக்கிக் கத்தியை நீட்டியபடி சதுரம் சதுரமாக நின்றார்கள். குதிரைகள் சுற்றிச் சுற்றி வந்து களைத்ததுதான் மிச்சம். புத்தகத்தில் படிப்பவருக்கு, ‘இவ்வளவு பெரிய தளபதிக்கு இதுகூடவா தெரியாது?’ என்று தோன்றும்.

மேசையில் ஆடிப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

பழைய போர்களைப் பொம்மை வீரர்களை வைத்து மறுபடி நடத்திப் பார்க்கும் ‘வார்கேம்’ பிரிட்டனில் வேரூன்றிய பொழுதுபோக்கு. நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே இதற்கு விதிகள் எழுதி, ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகம் போட்டார். இன்று பரவலாகப் புழங்குவது 28 மி.மீ. அளவுப் பொம்மைகள். எந்த ரெஜிமென்டுக்குச் சட்டைக் கழுத்தில் என்ன நிறம் என்று தேடிப் பார்த்து, மெல்லிய தூரிகையால் வர்ணம் தீட்டுவார்கள். ஒரு பொம்மை இருபது முப்பது பேருக்குச் சமம். நகரும் தூரத்தை அளக்க டேப்; குண்டு பட்டதா என்று சொல்லப் பகடை. அடி வாங்கிய படை நிற்குமா, ஓடுமா என்பதற்கும் பகடைதான். 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 20,000-க்கும் அதிகமான பொம்மைகளை அடுக்கி வாட்டர்லூவையே ஆடினார்கள்.

மறுபடி நேயிடம் வருவோம். சதுரத்தைக் குதிரை உடைக்காது. ஆனால் நெருக்கியடித்து நிற்கும் அதே சதுரம் பீரங்கிக்குக் கொழுத்த இலக்கு. குதிரையை அனுப்பி எதிரியைச் சதுரமாக்கிவிட்டு, பின்னாலேயே பீரங்கியைக் கொண்டுபோய் நிறுத்தினால் வேலை முடிந்தது. கேட்க எளிது. மேசையில் குதிரைகள் மேட்டைத் தொடும்போது பீரங்கிகள் சேற்றில் பின்தங்கிக் கிடக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வெலிங்டன் எத்தனை பேரை மறைத்து வைத்திருக்கிறார் என்பதும் தெரியாது. நேயின் முடிவு தவறுதான். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தால் நாமும் செய்திருக்கக்கூடிய தவறு.

இந்த விளையாட்டின் பெரிய தொல்லை, முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பது. மாலையில் புளூகரின் பிரஷ்யப் படை வந்து சேரும் என்று காலையிலேயே தெரிந்த நெப்போலியன், நெப்போலியனே அல்ல. ஆகவே பிரஷ்யர் வரும் நேரத்தைப் பகடையிடம் விடுகிறார்கள். ஊர்ப்பெயரையும் படைப்பெயரையும் மாற்றி, எந்தப் போர் என்றே சொல்லாமல் ஆடவைப்பதும் உண்டு. இன்னும் நல்ல வழியைப் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-லேயே கண்டுவிட்டார். இரு தரப்பும் எழுத்தில் உத்தரவு கொடுக்கும். நடுவர், களத்தில் அவரவர் கண்ணுக்கு எட்டியதை மட்டும் சொல்வார்.

முடிவு தெரிந்தும், அது எப்படி நேர்ந்தது என்று தெரியாத போர்களும் உண்டு. 1942-ல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கில்பர்ட் ராபர்ட்ஸுக்கு இருந்த கேள்வி அதுதான்: ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை எப்படி மூழ்கடிக்கின்றன? கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்களோடு ஓர் அறையின் தரையையே கடலாக்கி, நடந்த தாக்குதல்களைச் சின்னக் கப்பல்களால் திரும்ப நடத்தினார். காவல்கப்பல் அதிகாரிகளாக ஆடுபவர்கள் கான்வாஸ் திரையின் துளை வழியே மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கியின் பாதை, துளை வழியே பார்த்தால் தெரியாத பச்சைச் சாக்பீஸில். ஆடி ஆடிப் பார்த்ததில் விடை கிடைத்தது: காவல்கப்பல்கள் வெளியே தேடிக்கொண்டிருக்க, நீர்மூழ்கி இரவில் பின்பக்கமாகக் கப்பல் கூட்டத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அதை மடக்க ஒரு புதிய உத்தியும் அந்தத் தரையிலேயே பிறந்தது.

அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டனுக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் உலகப் போரில் நீர்மூழ்கி ஓட்டிப் பெயர் வாங்கியவர் அவர். தானே நீர்மூழ்கிக் கேப்டனாக ஆட உட்கார்ந்தார். ஐந்து முறை ஆடி, ஐந்து முறையும் மூழ்கடிக்கப்பட்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஜேனட் ஓக்கெல் என்ற இளம்பெண்.