திருப்பூர் பெட்டி ஏன் கொழும்பில் இறங்குகிறது?

பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். "கண்டெய்னர் எங்க நிக்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." சாப்ட்வேர்காரன் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். பார்த்தேன். தூத்துக்குடியில் ஏற்றியாச்சு, கொழும்பில் இறக்கியாச்சு. அதோடு சரி, எட்டு நாளாக அங்கேயே கிடக்கிறது. தூத்துக்குடியிலிருந்து போன சின்னக் கப்பல் (ஃபீடர் என்பார்கள்) தாமதமானதில், ஐரோப்பா போகிற தாய்க்கப்பல் கிளம்பிவிட்டது. தேதி தாண்டினால் பையர் தள்ளுபடி கேட்பார். விமானத்தில் அனுப்பினால் லாபம் முழுக்க வாடகைக்கே போய்விடும்.

"ஏனுங்க, நம்ம சரக்கு எதுக்குங்க கொழும்புல போய் இறங்கோணும்?" என்று கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு வரைபடமும் கையுமாக உட்கார்ந்து தேடியதன் சுருக்கம்தான் இது.

முதலில் கடலைப் பார்க்கணும். சிங்கப்பூர் பக்கமிருந்து சூயஸ் போகும் கப்பல்கள் பாக் நீரிணை வழியாக வர முடியாது. அங்கே ஆழம் கிடையாது. அதனால் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையைச் சுற்றித்தான் எல்லாம் போகின்றன. உலகத்தின் பரபரப்பான கடல்வழிகளில் அது ஒன்று. கொழும்பு அந்த வழிக்கு மிக அருகில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரத்து பஸ் ஸ்டாண்டு மாதிரி. தூத்துக்குடி கிளைச் சாலையில் இருக்கும் ஊர். ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு வரும் கப்பல், சில நூறு பெட்டிக்காக உள்ளே திரும்பி வந்தால் அதற்குக் கட்டாது. அதனால்தான் பெரும்பாலும் நம்ம பெட்டி சின்னக் கப்பலில் அங்கே போய் மாறுகிறது. பயணம் ஒரு நாள்கூட ஆகாது; காத்திருப்புதான் நாட்களைத் தின்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. இலங்கையின் சிறந்த இயற்கைத் துறைமுகம் கொழும்பு இல்லை, திருகோணமலை. ஆழமானது, மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்தது. ஆனால் அது வடகிழக்கில், கடல்வழியிலிருந்து விலகி இருக்கிறது. கொழும்புக்கு இயற்கை கொடுத்தது, மேற்குக் கரையில் கடலுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனை மட்டும்தான். தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் கப்பல் அங்கே நிற்க முடியாது. அதனால் 19ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நின்றன.

1867இல் கொழும்பு–கண்டி ரயில் வந்தது, மலைநாட்டுத் தோட்டப் பயிர் கொழும்புக்கு இறங்கியது. 1869இல் சூயஸ் திறந்தது. 1875இல் அந்த முனையிலிருந்து வடக்கு நோக்கிக் கடலில் ஒரு அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி, 1885இல் முடித்தார்கள். நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். தென்மேற்கிலிருந்து வரும் அலையை அது தாங்கிக்கொள்ள, பின்னால் தண்ணீர் அமைதியானது. காலியின் கதை அதோடு முடிந்தது.

நகரத்தின் அமைப்பும் அந்த முனையிலிருந்துதான் விரிகிறது. முனையில் இருப்பது கோட்டை. போர்ச்சுக்கீசியர், 1656இல் டச்சுக்காரர், 1796இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. மதில்கள் இப்போது இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. அதற்குக் கிழக்கே கோட்டைக்கு வெளியே இருந்ததால் புறக்கோட்டை. அதை ஆங்கிலத்தில் பெட்டா என்பார்கள்; நம்ம 'பேட்டை'தான் அது. இன்றும் கடைவீதி, தெருவுக்கு ஒரு சரக்கு. நகைக்குச் செட்டியார் தெரு, துணிக்குப் பிரதான வீதி. தெற்கே பேரை ஏரி, கோட்டைக்குக் காவலாகத் தேக்கிய நீர். அதையொட்டிக் கடல் பக்கம் காலி முகத்திடல். வடக்கே கொட்டாஞ்சேனை, அதைத் தாண்டி முகத்துவாரம்; களனி ஆறு கடலில் சேரும் இடம்.

கப்பல்கள் பெரிதானபோது பழைய துறைமுகம் பற்றவில்லை. நகரம் சுற்றியிருப்பதால் நிலத்தின் பக்கம் விரிய வழியில்லை. மறுபடியும் கடலுக்குள்ளேயே போனார்கள். பழைய சுவருக்கு வெளியே புதுச் சுவர், உள்ளே 18 மீட்டர் ஆழம். அந்தத் தெற்குத் துறைமுகத்தின் முதல் முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. பக்கத்தில் கடலைத் தூர்த்து 269 ஹெக்டேரில் எழும் போர்ட் சிட்டியும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

மத்தியதரைக்கடலில் மால்டாவைப் பாருங்கள். 1565 முற்றுகைக்குப் பின் கட்டிய தலைநகர் வாலெட்டாவுக்கு அருமையான இயற்கைத் துறைமுகம் உண்டு. ஆனால் பெட்டி மாற்றும் வேலை நடப்பது தீவின் தென்கிழக்கில் உள்ள மார்சஷ்லொக் விரிகுடாவில். சூயஸுக்கும் ஜிப்ரால்டருக்கும் நடுவே இருப்பதுதான் அதன் முதலீடு. நல்ல துறைமுகத்தைக் கட்டிக்கொள்ளலாம், நல்ல இடத்தைக் கட்ட முடியாது.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நான் என்ன பண்றதுங்க?" என்றார். நியாயமான கேள்வி. நான் சொன்னது இதுதான்: தூத்துக்குடியில் கப்பல் கிளம்பும் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீங்க. கொழும்பில் எந்தக் கப்பலில் மாறுது, அதற்கும் ஃபீடர் சேர்வதற்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கு என்று புக்கிங் போடும்போதே கேளுங்க. ஒரு நாள்தான் இடைவெளி என்றால் அதை நம்பிப் பையருக்கு வாக்குக் கொடுக்காதீங்க.

அந்தப் பெட்டி பதினோராவது நாள் ஏறியது. தள்ளுபடி கொடுத்துத்தான் தீர்த்தார்.